வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்தால் தும்மலும் இருமலுமா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

வெயிலுக்கும் மழைக்கும் தெருநாய்க்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம், தலைக்கு மேல் மின்விசிறி, தரையில் ஒரு பாய், அவ்வளவுதான் ஜிம். அதில் கொஞ்ச நேரம் குதித்ததுமே மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், சிலருக்கு நெஞ்சு இறுகும். "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று பாயைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒத்துவராதது உடற்பயிற்சி அல்ல, அந்த அறைதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். மூச்சு வாங்குகிற அளவுக்குப் பயிற்சி செய்தால் அது 50, 60 லிட்டருக்குப் போகும். கடுமையாகச் செய்கிறவர்களுக்கு 100 லிட்டரையும் தாண்டும். மூச்சு வாங்கத் தொடங்கியதும் வாயும் திறந்துகொள்கிறது. தூசியை வடிகட்டி, காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிற மூக்கின் வேலை அங்கே தவறிப்போகிறது. அதனால்தான் அதே அறையில் இரவு முழுக்கத் தூங்கும்போது தெரியாத தொல்லை, ஸ்கிப்பிங் ஆடும்போது தெரிகிறது.

பணம் செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டு மூன்று நாள் அதே பயிற்சியை, அதே வேகத்தில், மொட்டை மாடியிலோ நண்பர் வீட்டிலோ செய்யுங்கள். அங்கே தொல்லை இல்லையென்றால் குற்றவாளி உங்கள் அறையில் இருக்கிறது. அங்கேயும் வந்தால் வீட்டைச் சுத்தம் செய்து மட்டும் பயனில்லை. இரண்டாவது, கடிகாரத்தைப் பார்ப்பது. தொல்லை எப்போது வருகிறது? தொடங்கிய உடனேயா, ஏசி போட்டதுமா, பயிற்சியை நிறுத்திய பிறகா, நாலைந்து மணி நேரம் கழித்தா? காரணத்தைப் பிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது. கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

பாயை விரித்துத் தொடங்கிய சில நிமிடங்களில் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு

அதிகம் பேருக்கு வருவது இதுதான். முதல் சந்தேகம் தூசி உண்ணி மேல், அதாவது டஸ்ட் மைட். கண்ணுக்குத் தெரியாது, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அதற்குப் பிழைப்பு கஷ்டம். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பல மாதங்கள் ஈரப்பதம் 70ஐத் தாண்டுகிறது என்றால், அதற்கு நாம் விருந்தே வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். நமக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம்.

இந்த எச்சத்துகள் கொஞ்சம் கனமானவை. யாரும் கிளறாதவரை மெத்தையிலும் விரிப்பிலும் பேசாமல் கிடக்கும். கிளறினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் மறுபடி தரையில் படிந்துவிடும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. தூசி உண்ணிக்கு ஏர் பியூரிஃபையர் பெரிதாக உதவாது, ஏனென்றால் அது காற்றில் மிதந்துகொண்டிருப்பதில்லை. இன்னொன்று, உடற்பயிற்சிக்கு முன்னால் பூந்துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் பாயை விரிப்பதைப் போல மோசமான நேரக்கணக்கு வேறில்லை. கிளப்பிவிட்ட தூசி மூக்குக்கு நேராக நிற்கும்போதுதான் நாம் மூச்சு வாங்கத் தொடங்குகிறோம். முந்தின இரவே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காலையில்தான் முடியும் என்றால், துடைத்த பிறகு அரை மணி நேரமாவது விட்டுத் தொடங்குங்கள்.

இப்போது இடத்தைப் பாருங்கள். தண்டால், பிளாங்க், புஜங்காசனம் எல்லாவற்றிலும் மூக்கு தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தரையில் குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கட்டிலுக்கு அடியில் அடித்துப் பாருங்கள். பழைய சூட்கேஸ், செருப்பு டப்பா, அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெத்தென்று படிந்த ஒரு படலம், ஓரத்தில் முடியோடு உருண்டு திரண்ட தூசி. நீங்கள் குதிக்கும் ஒவ்வொரு குதிக்கும் அங்கிருந்து ஒரு புகை கிளம்புகிறது. அதைக் காலி செய்யுங்கள். முடியாவிட்டால் பயிற்சி இடத்தை ஹாலுக்கு மாற்றுங்கள். மெத்தையும் தலையணையும் திரைச்சீலையும் உள்ள அறைதான் வீட்டிலேயே தூசி உண்ணி அதிகம் வாழும் அறை. டைல்ஸ் தரையும் பிளாஸ்டிக் நாற்காலியும் உள்ள ஹால் எவ்வளவோ தேவலாம்.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பது துணியால் துடைத்தால் நேராகப் பாயில்தான் விழும். பழைய தலையணை உறை ஒன்றை லேசாக நனைத்துப் பிழிந்து, இறக்கையை அதற்குள் முழுசாக நுழைத்து, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வெளியே இழுங்கள். தூசி மொத்தமும் உறைக்குள் வந்துவிடும். ஸ்டூலில் ஏறும் முன் சுவிட்சை அணைத்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

அப்புறம் விரிப்பு. யோகா மேட் இல்லாமல் ஜமக்காளத்தின் மேல் செய்கிறவர்கள் பலர். பவானி ஜமக்காளம் என்றால் எனக்கும் பிரியம்தான். ஆனால் அந்தத் தடித்த நூலுக்குள் போகிற வியர்வையும் தோல் செதிலும் எளிதில் வெளியே வராது. உட்காருவதற்கு அதை வைத்துக்கொண்டு, பயிற்சிக்குத் துடைக்கக்கூடிய மேட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. கோரைப்பாய் பரவாயில்லை, ஆனால் மழைக்காலத்தில் சுருட்டி மூலையில் நிற்க வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேட் எதுவானாலும் பயிற்சி முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகே சுருட்டுங்கள். வாசனை தூக்கலான கிருமிநாசினி வேண்டாம், அந்த வாசனையே சிலருக்குத் தும்மல் வரவழைக்கும்.

படுக்கையறையை விட்டால் வேறு இடமே இல்லை என்கிறவர்களுக்கு: தலையணை உறை, மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசினால் உண்ணி சாகும். மேலிருந்து துணி போடும் வாஷிங் மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. அதனால் பக்கெட்டில் கை பொறுக்காத சூட்டில் ஊறவைத்துப் பிறகு மெஷினில் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், உண்ணி மட்டும் பிழைத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தது நல்ல பழக்கம்தான். வெயில் உண்ணியை உலர்த்திக் கொல்லும்; எச்சம் தட்டினால்தான் போகும். தட்டுகிற வேலையை அலர்ஜி இல்லாத ஆளிடம் விடுங்கள்.

ஏசி போட்டதும் மூக்கடைப்பு, தொண்டையில் அரிப்பு; கூடவே ஒரு புழுங்கல் வாடை

இது பூஞ்சை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உள்ளே ஈரமான காயில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருள்), அதன்மேல் படிந்த தூசி, இருட்டு: பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைகள் இருக்கும். தினமும் ஏசி ஓடுகிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிக் குழாயடியில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏசியை அணைத்துவிட்டு, காற்று வெளிவரும் பட்டைகளுக்கு இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உருளையாக இருக்கும் புளோயரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வலையைக் கழுவிப் பயனில்லை. மெக்கானிக்கை அழைத்து, புளோயரையும் தண்ணீர் வடியும் தட்டையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள். "வெட் சர்வீஸ்" என்று கேட்டாலும், புளோயரைக் கழுவினாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது உத்தமம். அதன்பிறகு ஏசியை அணைக்கும் முன் கால் மணி நேரம் வெறும் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள், அந்தக் குழாய்ச்சுருள் காய்ந்துவிடும்.

ஏசி இல்லாமலே அந்த வாடை வந்தால் சுவரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியிலிருந்து கசியும் தண்ணீர், பாத்ரூம் சுவரை ஒட்டிய ஈரம், சுவரோடு ஒட்டிவைத்த பீரோவின் பின்பக்கம். பெயின்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழையில் மறுபடி வரும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுக்கும்போது என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

மழைக்காலத்தில் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயவைத்துவிட்டு, அதே அறையில் கதவைச் சாத்திப் பயிற்சியும் செய்தால் ஈரப்பதம் எங்கேயோ போய்விடும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். நம் ஊரில் 50க்குக் கீழே கொண்டுவருவது லேசான காரியமில்லை; ஏசியின் டிரை மோடு 60க்குக் கீழே இறக்கினாலே பூஞ்சைக்கு வசதி குறையும்.

பயிற்சியின்போது ஒன்றுமில்லை, நிறுத்தி ஐந்து, பத்து நிமிடத்தில் இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங்

இதற்குத் தூசியை மட்டும் குறை சொல்ல முடியாது. வேகமாக இழுத்த காற்று மூச்சுக்குழாயை உலர்த்திவிட, குழாய் சுருங்குகிறது. நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாக அடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சகஜம்; ஆஸ்துமா என்று அதுவரை தெரியாதவர்களுக்கும் வரலாம்.

வீட்டில் மாற்றக்கூடியவை சில உண்டு. ஏசியை 18இல் வைத்துக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் நிற்காதீர்கள். 26 அளவில் வைத்து, தள்ளி நில்லுங்கள். உடனே குதிக்காமல் 10, 15 நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடேற்றுங்கள். இது சடங்கு இல்லை. நன்றாக வார்ம் அப் செய்தால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு மூச்சுக்குழாய் எளிதில் சுருங்காது. அரை மணி நேரம் விடாமல் குதிப்பதைவிட, சின்னச் சின்னச் சுற்றாக இடைவெளி விட்டுச் செய்வது இவர்களுக்கு ஒத்துப்போகும். சட்டென்று நிறுத்தாமல் நடந்து தணியுங்கள்.

ஆனால் இதை வீட்டோடு முடித்துக்கொள்ள வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன் எடுக்கும் இன்ஹேலரை அவர் எழுதித் தரலாம். பக்கத்து வீட்டுக்காரருடைய இன்ஹேலரை இரவல் வாங்குகிற வேலை வேண்டாம்.

மாலையில் செய்தால் மட்டும் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, காலையில் இல்லை

கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் முழுசாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இது அலர்ஜி கூட இல்லை, நேரடி எரிச்சல். அதனால்தான் அலர்ஜி மாத்திரை போட்டும் பலருக்குக் குறைவதில்லை.

கொசு இல்லாமல் இருக்க முடியாதே என்றால், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீட்டில் அதற்கு முன்னாலேயே பயிற்சியை முடித்துவிடலாம். யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. மிளகாய் தாளிக்கும்போதும், திருஷ்டி கழித்து மிளகாயை அடுப்பில் போடும்போதும் அப்படித்தான். போகி, தீபாவளி அன்று ஜன்னலைச் சாத்திவிட்டு லேசான நீட்டிப்புப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரப்பான் ஸ்பிரே, ரூம் ஃப்ரெஷ்னர் அடித்த அறையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஜன்னலைத் திறந்தால்தான் தொல்லை

காற்றடிக்கும் உலர்ந்த நாட்களில் மகரந்தமாக இருக்கலாம். சீமைக்கருவேலம், சவுக்கு, பார்த்தீனியம், புல் எல்லாம் நம் பக்கத்து வில்லன்கள்தான். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்துங்கள், அந்த நாட்களில் மாடியில் காய்ந்த துணியைப் பயிற்சி அறைக்குள் உதறாதீர்கள். மகரந்தத்துக்கு இது போதும்.

புறாதான் பெரிய தலைவலி. அடுக்குமாடி வீடுகளில் பால்கனியிலும் ஏசி அவுட்டோர் யூனிட்டின் பின்னாலும் கூடு கட்டி, எச்சம் காய்ந்து பொடியாகி, ஜன்னல் வழியே உள்ளே வரும். அதில் ஒரு வகை ஒவ்வாமை உடனே காட்டிக்கொடுக்காது. புறா எச்சத்தைச் சுத்தம் செய்தோ, அந்தக் காற்றை நிறைய இழுத்தோ 4 முதல் 8 மணி நேரம் கழித்து வறட்டு இருமல், குளிர் காய்ச்சல், உடம்புவலி, மூச்சுத் திணறல் வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போடுவோம், அடங்கும், மறுபடி வரும். வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குகிறது என்றால் நுரையீரல் டாக்டரிடம் போங்கள். புறா இருப்பதை நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்காமல் போகலாம். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்95 போட்டு வழித்தெடுங்கள். அப்புறம் வலை அடியுங்கள். ஏற்கெனவே அந்த அறிகுறி இருப்பவர் இந்த வேலையைத் தொடவே கூடாது.

தோலில் அரிப்பு, தடிப்பு

எங்கே என்று பாருங்கள். ரப்பர் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் பட்ட இடத்தில் மட்டும், பட்ட சில நிமிடங்களில் அரித்துத் தடித்தால் லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால், அலர்ஜியாக இருக்கலாம். பயிற்சிக்கு முன் சாப்பிடுகிற வாழைப்பழத்தால் வாய் அரிக்கிறதா? லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவியும் ஒத்துக்கொள்ளாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படை மாதிரி வந்தால் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனம் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் வழி ஒன்றே: துணி பேண்டில் ரப்பர் நூல் இல்லை என்று பார்த்து வாங்குவது, மேட்டையும் டிபிஇ (லேட்டக்ஸ் சேராத ஒருவகை மென்பிளாஸ்டிக்) வகைக்கு மாற்றுவது.

உடம்பெல்லாம் ஊசிமுனை அளவு சிவந்த புள்ளிகள், வியர்க்கத் தொடங்கியதும் வந்து ஒரு மணி நேரத்தில் மறைகின்றனவா? வெந்நீரில் குளித்தாலும் இப்படி வருமா? அது உடல் சூட்டால் வருகிற தடிப்பு. வீட்டை எவ்வளவு துடைத்தாலும் போகாது, டாக்டரிடம் மருந்து உண்டு.

உடனே நிறுத்த வேண்டியது

பெரிய பெரிய தடிப்பு உடம்பு முழுக்கப் பரவுவது, உதடோ நாக்கோ வீங்குவது, தொண்டை அடைப்பது, தலைசுற்றல், வாந்தி. இதில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்தி 108ஐ அழையுங்கள். காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். சிலருக்குக் கோதுமையோ இறாலோ தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, பயிற்சி தனியாகச் செய்தாலும் ஒன்றும் ஆகாது. சப்பாத்தி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஓடினால் இப்படி வரும். ஒருமுறை வந்தவர் டாக்டரைப் பார்க்காமல் மறுபடி பாயை விரிக்கக் கூடாது.

எல்லாம் செய்தும் வருஷம் முழுக்க மூக்கடைப்பு

மிச்சமிருப்பது கரப்பானும் பூனையும். சமையலறையும் ஹாலும் ஒட்டியிருக்கும் சின்ன வீடுகளில் கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஹால் வரைக்கும் வரும். ஸ்பிரேயைவிட, மூலைகளில் புள்ளி வைக்கும் ஜெல் நன்றாக வேலை செய்யும். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் விடாதீர்கள்.

பூனையின் ஒவ்வாமைப் பொருள் மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் மெத்தையிலும் சோபாவிலும் தங்கும். ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி) வைத்த பியூரிஃபையர் உருப்படியாக உதவுவது இங்கேயும், புகைக்கும், மகரந்தத்துக்கும்தான். வாங்கும்போது பெட்டியின் அழகைப் பார்க்காமல் சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதை. 120 சதுர அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறையாவது அது சுத்தமாக வேண்டும் என்றால் 170 சிஏடிஆர் தேவை. ஓசோன் விடும் ரகம் வேண்டாம், மூச்சுக்குழாயை அதுவே எரிக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால் அலர்ஜி டாக்டரிடம் தோல் பரிசோதனை செய்துகொள்ளலாம். போகும்போது எந்த நேரத்தில், எந்த அறையில், தொடங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று குறித்து எடுத்துப் போங்கள். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பரிசோதனையில் தடிப்பே எழும்பாமல் போய்விடும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.